ஸ்டீயரிங் பிடித்தவருக்கு ஏன் குமட்டுவதில்லை?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவைத் தாண்டுவதற்குள் பின் இருக்கையில் ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்திருப்பார். இன்னொருவர், "கொஞ்சம் ஓரங்கட்டுங்க" என்பார். ஓட்டுகிறவர் மட்டும் பாட்டுக்குத் தாளம் போட்டபடி ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். கார் ஒன்றுதான், வளைவும் ஒன்றுதான், காலையில் சாப்பிட்ட பொங்கல்கூட ஒன்றுதான். இவருக்கு மட்டும் ஏன் ஒன்றும் செய்வதில்லை?

காதின் உட்புறத்தில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் திரவத்தின் அசைவு மூளைக்குச் செய்தியாகப் போகிறது. பின் இருக்கையில் இருப்பவர் செல்போனைப் பார்க்கிறார். 'எதுவும் அசையவில்லை' என்கிறது கண். 'சுழன்றுகொண்டிருக்கிறோம்' என்கிறது காது. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் மூளை தடுமாறுகிறது. தடுமாற்றம் ஏன் வாந்தியில் முடியவேண்டும் என்பதற்கு 1977இல் டிரீஸ்மன் என்ற ஆய்வாளர் ஒரு விளக்கம் சொன்னார். இயற்கையில் கண்ணும் காதும் இப்படி முரண்படுவது பெரும்பாலும் நச்சு உடம்பில் ஏறும்போதுதான். அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று வயிற்றைக் காலி செய்ய மூளை உத்தரவிடுகிறது என்றார் அவர். இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் உள்காது அறவே செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதில்லை என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி.

ஓட்டுநரின் விஷயம் வேறு. ஸ்டீயரிங்கை ஒடிப்பது அவருடைய கை. எந்தப் பக்கம், எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் திருப்பம் வருமுன்பே அவர் மூளைக்குத் தெரியும். வளைவில் அவருடைய தலை தன்னையறியாமல் உள்பக்கமாகச் சாயும். பயணிகளின் தலையோ வெளிப்பக்கம் தள்ளப்படும். இஸ்ரேலைச் சேர்ந்த ரோல்னிக், லுபோ என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் ஆட்களை இருவர் இருவராகச் சுழற்சிக்கு உட்படுத்தினார்கள். இருவருக்கும் ஒரே அசைவு. கட்டுப்பாடு மட்டும் ஒருவர் கையில். கட்டுப்பாடு கையில் இருந்தவருக்குக் குமட்டல் குறைவாகவே வந்தது. ஆக, நடக்கப்போவது முன்கூட்டித் தெரிந்திருப்பதே மருந்து. பின் இருக்கையில் சங்கடப்படுபவரை முன் இருக்கைக்கு மாற்றி, போனை உள்ளே வைத்துவிட்டுச் சாலையின் தூரத்து வளைவைப் பார்க்கச் சொன்னால் நிம்மதி கிடைப்பதும் இதனால்தான்.

காரோட்டுவதன் சுகங்களுக்கும் எரிச்சல்களுக்கும் பின்னால் இப்படி ஏதாவது ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. எரிச்சல் வந்ததும் நாம் ஆள் தேடுகிறோம்: முன்னால் உருட்டிக்கொண்டு போகிறவர், பக்கத்து வரிசையில் முந்துகிறவர், ரோடு போட்ட கான்ட்ராக்டர். பல நேரங்களில் குற்றவாளி நம் கண்ணிலோ மூளையிலோ, காருக்குள் அடைபட்ட காற்றிலோ இருக்கிறது.

பம்பர் வரை நீளும் உடம்பு

முதலில் சுகத்தைப் பார்ப்போம். ஓட்டக் கற்ற புதிதில் க்ளட்ச், கியர், பிரேக் என்று ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துச் செய்கிறோம். சில மாதங்கள் போனதும் கால் தானாக நகர்கிறது. மயிலாப்பூர் சந்து ஒன்றில் ஒரு பக்கம் நிறுத்திய பைக்குகள், மறுபக்கம் பூக்கடை. நடுவில் பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு வண்டியை நுழைக்கிறவர் எதையும் அளந்து பார்ப்பதில்லை. பம்பர் எங்கே முடிகிறது என்று அவருக்குத் 'தெரிகிறது'.

இந்தத் தெரிதலுக்கு ஒரு தடயத்தை ஜப்பானின் அட்சுஷி இரிகியும் அவருடைய குழுவினரும் 1996இல் குரங்குகளிடம் கண்டார்கள். கையருகே வரும் பொருள்களைக் கண்டதும் விழித்துக்கொள்ளும் நரம்பணுக்கள் மூளையில் உண்டு. எட்டாத தீனியைச் சிறு வாரியால் இழுத்துக்கொள்ளக் குரங்குகளுக்குப் பழக்கியபின், அதே அணுக்கள் வாரியின் நுனியருகே வரும் பொருளுக்கும் விழித்துக்கொண்டன. கருவி வரை கை நீண்டுவிட்டது என்று மூளை எடுத்துக்கொண்டதுபோல இருந்தது அது. காரோட்டியின் மூளையிலும் இதைப்போன்ற ஒன்று நடக்கிறது என்று கொண்டால், யாராவது உரசுகிற மாதிரி குறுக்கே புகுந்தால் நமக்கே கை ஓங்கியதுபோல் சுரீரென்று கோபம் வருவதும் புரிகிறது.

நல்ல சாலையில் கார் மெல்ல ஏறி இறங்கும் தாலாட்டும் திட்டமிட்டுச் செய்யப்பட்டதே. மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வை விநாடிக்கு 4 முதல் 8 முறை என்ற வேகத்தில் மிக மோசமாக உணர்கிறது. அந்த வேகத்தில் குலுங்கினால் முதுகும் வயிறும் அதிர்வைப் பெருக்கிவிடும். அதனால் காரின் உடல்பகுதி விநாடிக்கு ஒன்று, ஒன்றரை முறை மட்டும் அசையும்படி ஸ்பிரிங்குகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாம் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்கும் வேகத்துக்கு இது வெகு தூரமில்லை.

காரணமே இல்லாத நெரிசல்

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் சென்னை திரும்பும் இரவு. செங்கல்பட்டைத் தாண்டியதும் வண்டிகள் ஊர்கின்றன. விபத்தாக இருக்கும், லாரி கவிழ்ந்திருக்கும் என்று ஊகித்தபடி அரை மணி நேரம் நகர்கிறோம். திடீரென்று சாலை திறக்கிறது. விபத்தும் இல்லை, போலீஸ் தடுப்பும் இல்லை. அப்படியானால் இவ்வளவு நேரம் நின்றது எதற்கு?

யுகி சுகியாமா தலைமையிலான ஜப்பானிய இயற்பியலாளர்கள் இதைச் சோதனை செய்தே காட்டினார்கள். அந்த ஆய்வு 2008இல் வெளியானது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்கள். சிக்னல் இல்லை, குறுக்குச் சாலை இல்லை, மேடு பள்ளம் இல்லை. முன் வண்டிக்குப் பாதுகாப்பான இடைவெளி விட்டு ஏறக்குறைய 30 கி.மீ. வேகத்தில் போகவேண்டும் என்பது மட்டுமே கட்டளை. ஒரு காருக்குப் பத்து மீட்டர் சொச்சம் இடம். காரின் நீளம் போக மீதி ஆறேழு மீட்டர். தொடக்கத்தில் எல்லாம் சீராக ஓடியது. சிறிது நேரத்தில் ஒரு பகுதியில் கார்கள் நெருங்கின, பிறகு சில கார்கள் நின்றே போயின. அந்த நெரிசல் கார்கள் போகும் திசைக்கு எதிராக, மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. நிஜ நெடுஞ்சாலைகளிலும் நெரிசல் அலை ஏறத்தாழ இதே வேகத்தில்தான் பின்வாங்குகிறது.

நடந்தது இதுதான். ஒருவர் இம்மியளவு பிரேக் தொடுகிறார். பின்னால் வருபவர் அதைக் கண்டு காலை நகர்த்த ஒரு விநாடி போலாகிறது. அந்த ஒரு விநாடியில் இடைவெளி சுருங்கிவிடுவதால் அவர் கொஞ்சம் கூடுதலாக அழுத்தவேண்டியிருக்கிறது. அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் கூடுதலாக. பத்து, பதினைந்து வண்டிகள் தாண்டியதும் ஒருவர் முழுக்க நிற்கிறார். முதலில் பிரேக் தொட்டவர் அதற்குள் எங்கோ போய்விட்டார். தான் செய்தது அவருக்குத் தெரியவே தெரியாது. வண்டிகள் அடர்த்தியாக இருக்கும்போது இப்படித் தொடங்கும் அலை தானாக அடங்காது.

இதற்கு மாற்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசன் நகரில் ஆய்வாளர்கள் சிலர் இதேபோல வட்டப் பாதையில் இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகளை ஓடவிட்டு, அவற்றில் ஒன்றை மட்டும் கணினியின் கட்டுப்பாட்டில் விட்டார்கள். முன் வண்டி ஓடும்போது ஓடி, நிற்கும்போது நிற்காமல், சராசரி வேகத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் இடைவெளி விட்டு அது நிதானமாகப் போனது. அலை அடங்கியது, மொத்த எரிபொருள் செலவு 40 விழுக்காடு வரை குறைந்தது. இருபது பேரில் ஒருவர் நிதானமாக இருந்ததே போதுமானதாக இருந்தது.

'நம்மூரில் இடைவெளி விட்டால் ஆட்டோவும் பைக்கும் புகுந்துவிடுமே' என்று கேட்கத் தோன்றும். புகும். ஆனால் உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியாலும் நமக்கு நட்டம் ஓரிரு விநாடி. வழியெல்லாம் பத்துப் பேர் புகுந்தாலும் அரை நிமிடம் தாண்டாது. அதைத் தடுக்க முன் வண்டியின் பம்பரை ஒட்டி ஓட்டி, நொடிக்கொரு முறை பிரேக் அழுத்தினால் நமக்குப் பின்னால் ஒரு நெரிசலைப் பெற்றுப் போடுகிறோம்.

பக்கத்து வரிசையின் மாயம்

ஊரும் நெரிசலில் பக்கத்து வரிசை மட்டும் ஓடுவதாகத் தோன்றும். இண்டிகேட்டர் போட்டு அதற்கு மாறினால் விட்டு வந்த வரிசை ஓட ஆரம்பிக்கும். இது ராசிக் கோளாறு இல்லை. 1999இல் நேச்சர் இதழில் ரெடெல்மையர், டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணினி மாதிரியாலும் காணொளியாலும் விளக்கினார்கள். இரண்டு வரிசைகளின் சராசரி வேகம் சமமாகவே இருக்கட்டும். நம் வரிசை ஓடும்போது, பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும் வண்டிகளைச் சில விநாடிகளில் மொத்தமாகக் கடந்துவிடுகிறோம். நம் வரிசை நிற்கும்போது, பக்கத்து வண்டிகள் விலகி விலகி, ஒவ்வொன்றாக, நெடுநேரம் நம்மைக் கடக்கின்றன. எண்ணிக்கை சமம், கடக்கும் நேரம் குறைவு, கடக்கப்படும் நேரம் அதிகம். போதாக்குறைக்கு நாம் முந்திய வண்டி பின்னால் போய் மறைந்துவிடுகிறது. நம்மை முந்தியதோ கண்முன்னே நிற்கிறது. கார் ஓட்டப் பழகுபவர்களிடம் காணொளியைக் காட்டியபோது, உண்மையில் சற்று மெதுவாக நகர்ந்த பக்கத்து வரிசையையே பெரும்பாலோர் வேகமானது என்றார்கள்.

கண்ணாடிக்குள் அடைபட்ட காற்று

மழை நாளில் முன் கண்ணாடி உள்பக்கம் மங்கிப்போகும். துணியால் துடைத்தால் இரண்டு நிமிடத்தில் மறுபடியும் மங்கும். உள்ளே இருப்பவர்களின் மூச்சும் ஈர உடைகளும் காற்றை ஈரப்பதத்தால் நிரப்புகின்றன. மழையில் குளிர்ந்த கண்ணாடியைத் தொடும் ஈரக்காற்று நுண்துளிகளாகப் படிகிறது. ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்றை உள்ளே விட்டால் சீக்கிரம் தெளியும். ஏ.சி. குளிர்விப்பதோடு காற்றிலுள்ள நீரையும் பிரித்தெடுக்கிறது. நிறுத்திய காரின் அடியில் சொட்டுவது அந்த நீர்தான். ரேடியேட்டர் ஒழுகுகிறதோ என்று பயப்பட வேண்டியதில்லை.

சென்னையின் புழுக்கமான இரவில் கதை தலைகீழ். ஏ.சி. கடுங்குளிராக ஓடும்போது கண்ணாடியின் வெளிப்பக்கம், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வியர்ப்பதுபோல, வியர்க்கும். அப்போது குளிரைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். வைப்பரை ஒருமுறை போட்டுப் பாருங்கள். துடைபட்டால் மூடுபனி வெளியே இருக்கிறது. குளிர்காற்று கண்ணாடியில் படாமல் திருப்பிவிட்டால் சரியாகிவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் நீண்ட பயணத்தில் சொக்குவதற்குச் சாப்பாட்டை மட்டும் குறைசொல்ல முடியாது. பிற்பகலில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தளர்வது உண்மை. ஆனால் காற்றையும் கவனிக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 15 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறார். நான்கு பேர் என்றால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர். காரின் உட்புறம் சுமார் 3,000 லிட்டர் கொள்ளளவு. உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்திவிட்டு, கசிவே இல்லை என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்தில் பத்து லட்சத்தில் 3,000 பங்குக்கு மேல் ஏறிவிடும். வெளிக்காற்றில் அது 420 பங்கு அளவில்தான் இருக்கிறது. கட்டடங்களில் 1,000 தாண்டினாலே காற்றோட்டம் போதாது என்பார்கள். கதவிடுக்குகளின் கசிவால் நடைமுறையில் இது இவ்வளவு வேகமாக ஏறாது. என்றாலும் மணிக்கணக்காக அந்தப் பொத்தானை அணைக்காமல் போகிறவர்களுக்குத் தலைபாரமும் மந்தமும் வர இது போதும். புகையும் தூசியும் உள்ள இடத்தைத் தாண்டியதும் வெளிக்காற்றைத் திறந்துவிடுவது நல்லது.

வெயிலில் நிறுத்திய காரின் சூடு வெறும் எரிச்சலோடு முடிகிற விஷயமில்லை. சூரிய ஒளி கண்ணாடி வழியே நுழைந்து டேஷ்போர்டையும் இருக்கைகளையும் சுடவைக்கிறது. அவை திருப்பி உமிழும் வெப்பக் கதிர் கண்ணாடியைத் தாண்டிப் போக முடிவதில்லை. சூடான காற்றும் எழுந்து வெளியேற வழியில்லை. பீடியாட்ரிக்ஸ் இதழில் 2005இல் வந்த அமெரிக்க ஆய்வில், நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்ததால் பெரிய பயன் இல்லை. 'ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்' என்று குழந்தையைக் காரில் விட்டுப் போகவே கூடாது என்பதற்கு இந்த ஒரு ஆய்வு போதும்.

எதிர் விளக்கும் வேகத்தடையும்

இரவில் டிம் செய்யாமல் வரும் எதிர் வண்டி எல்லோருக்கும் பொதுவான சாபம். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோலணுக்களில் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. பளீரென்ற ஒளி பட்டால் அது சிதையும். முழு இருட்டுக்குக் கண் மறுபடி பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். எதிர் விளக்கு கடந்து போனபின் சில விநாடிகள் பார்வை தெளிவதில்லை. 80 கி.மீ. வேகத்தில் இரண்டே விநாடியில் கார் 44 மீட்டர் போய்விடுகிறது. குருட்டாம்போக்கில் போகும் 44 மீட்டர். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லையில் ஒளி சிதறுவது கூடுவதால் இந்தத் தொல்லையும் கூடும். 'அப்பாவுக்கு ராத்திரியில் ஓட்டப் பயம்' என்று வீட்டில் கேலி பேசுவது நியாயமில்லை. எதிர் விளக்கை உற்றுப் பார்க்காமல் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவதே வழி.

வேகத்தடைக்கு ஒரு நோபல் தொடர்பு உண்டு. எக்ஸ் கதிர்ச் சிதறலுக்காக 1927இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை வகித்தார். வளாகத்தில் வண்டிகள் பறப்பதைக் குறைக்க 1953இல் சாலை மேடுகளை வடிவமைத்தார். பிறகு 1970களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக் கூடம் அகலமான மேடுகளைச் சோதித்தது. ஒடுக்கமான, கூர்மையான மேட்டை வேகமாகத் தாண்டினால் சக்கரமும் ஸ்பிரிங்கும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்; உள்ளிருப்பவருக்கு அடி குறைவாகவே படும். மெதுவாகப் போகிறவருக்குத்தான் இடுப்பு ஒடியும். அகலமான மேட்டில் வேகம் கூடக் கூடக் குலுக்கலும் கூடும். இந்திய சாலைக் காங்கிரஸின் நெறிமுறையும் இதையொட்டியே 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் கடக்க ஏற்றது என்கிறது. தெருமுனையில் ராத்திரியோடு ராத்திரியாக ஊர்க்காரர்கள் போட்ட ஒரு சாண் அகல மேடு இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. ஒழுங்காக ஓட்டுகிறவரைத் தண்டித்து, பறக்கிறவரை விட்டுவிடுகிறது.

மிச்சமாகும் மூன்று நிமிடம்

இத்தனை எரிச்சலுக்கும் அடியில் நேரம் போகிறதே என்ற தவிப்பு இருக்கிறது. அதையும் கணக்குப் போட்டுவிடலாம். 20 கி.மீ. தூரத்தை 80 கி.மீ. வேகத்தில் கடக்க 15 நிமிடம். 100இல் 12 நிமிடம். மிச்சம் மூன்று நிமிடம். அதற்குக் கொடுக்கும் விலை: காற்றின் எதிர்ப்பு 56 விழுக்காடு கூடுகிறது. பிரேக் அழுத்தியபின் வண்டி ஓடும் தூரமும் அதே விகிதத்தில், உலர்ந்த நல்ல சாலையிலேயே சுமார் 36 மீட்டரிலிருந்து 56 மீட்டராக நீள்கிறது. நாம் கண்டு, காலை நகர்த்துவதற்குள் ஓடும் தூரம் இதில் சேரவில்லை.

எனவே முன் வண்டிக்கும் நமக்கும் நடுவே குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி, மழையில் அதைவிடக் கூடுதலாக விடுங்கள். முன் வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கி, நீங்கள் அதைத் தாண்டும்வரை எண்ணினால் இடைவெளி தெரிந்துவிடும். பிரேக் பிடிக்க அவகாசமும், பின்னால் வருபவருக்கு நெரிசலிலிருந்து விடுதலையும், பின் இருக்கையில் இருப்பவரின் வயிற்றுக்கு நிம்மதியும் இதில் சேர்ந்தே கிடைக்கின்றன. காரில் செலவில்லாமல் பொருத்திக்கொள்ளக்கூடிய மிகச் சிறந்த பாதுகாப்புக் கருவி இந்த இடைவெளிதான்.